இரண்டு வாய்க் குலுக்கை

எங்கள் தெருவில் மெலிந்த மாடுகளுக்கு ஒருநாளும் குறைவு இருந்ததில்லை. ஆனால் எனக்கு எட்டு வயதான அந்த வருஷத்தில்தான் நான் அவற்றைக் கண்டு பயப்பட ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் அப்பா.

விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா வேதம் வாசிப்பார், அம்மா ஒரு பாட்டை எடுப்பாள், தம்பி தூங்கி விழுவான். யுத்தம் பர்மா பக்கம் வந்துவிட்டது என்று ஊர் பேச ஆரம்பித்த நாட்களில், எகிப்து ராஜா கண்ட கனவையே அப்பா திரும்பத் திரும்ப வாசித்தார். ஆற்றிலிருந்து ஏழு கொழுத்த பசுக்கள் ஏறிவந்து மேய்கின்றன. அவற்றின் பின்னாலேயே ஏழு மெலிந்த பசுக்கள் ஏறிவந்து கொழுத்தவற்றைத் தின்றுவிடுகின்றன. செழிப்புக்குப் பின்னால் பஞ்சம் வரும் என்று அதற்கு அர்த்தம் சொன்ன யோசேப்பு, தானியத்தைச் சேர்த்துவைத்து அந்தத் தேசத்தைப் பிழைக்கவைத்தான்.

நாங்கள் இருந்தது கோரிப்பாளையத்தில், வைகைக்கு வடகரையில். பகலெல்லாம் ஆற்றுக்குள் மேய்ந்த மாடுகள் சாயங்காலம் கரையேறி எங்கள் தெரு வழியாகத்தான் வீடு திரும்பும். கனவில் வந்தது போலவே ஆற்றிலிருந்து ஏறிவந்தன. கனவில் வந்தது போலவே எலும்பும் தோலுமாக இருந்தன. கொழுத்த ஏழு எங்கே என்று சில நாட்கள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இவை ஏற்கெனவே அவற்றைத் தின்றுவிட்டன என்ற முடிவுக்கு வந்து, மாடுகள் தெருவில் வரும் நேரம் தம்பியை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்த ஆரம்பித்தேன்.

அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. ஊரில் மற்றவர்களுக்கு யுத்தம் பத்திரிகை வழியாக வந்தது. அப்பாவுக்கு அது வேகன் வழியாக வந்தது. பர்மா அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த இடத்தில் அவை குறைந்தன, பிறகு எப்போதாவது வந்தன, பிறகு வரவேயில்லை. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களின் அடுப்பில் வெந்ததில் பெரும்பங்கு பர்மா அரிசிதான். அது நின்றால் என்ன ஆகும் என்பதைக் காலியான ஷெட்டின் நடுவில் நின்று யோசிக்கும் உத்தியோகம் அப்பாவுக்கு வாய்த்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு அங்கேயே இருந்தார். சித்தியை நாங்கள் போட்டோவில்தான் பார்த்திருந்தோம். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்ற செய்திக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜெபத்தில் மட்டும், கடல் தாண்டி இருக்கிறவர்களையும் காப்பாற்றும் என்று சொன்னபின் கொஞ்ச நேரம் நிறுத்துவார். அடுத்த வார்த்தை மறந்துபோய்விட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை திருவாதவூரிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து வாசலில் நின்றது. வண்டி நிறைய மண் உறைகள், கிணற்றுக்குள் இறக்கும் வளையங்கள் மாதிரி. வண்டியை ஓட்டிவந்தவர் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்துபோகிற பழக்கத்தில் அப்பாவுக்குத் தெரிந்த, விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி. கூட அவர் மனைவியும் வந்திருந்தார். தானியம் கொட்டிவைக்கும் குலுக்கை ஒன்று எங்கள் வீட்டில் எழும்பப்போகிறது என்று அப்போதுதான் அம்மாவுக்கே தெரிந்தது.

அந்த அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓர் உறையின் மேல் இன்னோர் உறையை ஏற்றி, இடைவெளியில் களிமண் பூசி, சாயங்காலத்துக்குள் கூரையைத் தொடும் அளவுக்கு ஒரு மண்கோபுரத்தை நிறுத்திவிட்டார். சமையலறையில் இடம் போதாததால் அது கூடத்தில் எழுந்தது. நானும் தம்பியும் பாய் விரிக்கும் இடம் அதோடு போயிற்று. மேலே ஒரு வாய், தானியம் கொட்டுவதற்கு. கீழே, சுவர்ப் பக்கமாக, கை நுழையும் அளவுக்கு இன்னொரு வாய். அதைத் துணிப்பந்தால் அடைத்துக் காட்டி, அந்த அம்மாள் என் அம்மாவிடம் சொன்னார்:

“மேல் வாயில போடுறது அவுக பாடு. கீழ் வாயில எடுக்குறது உன் பாடு தாயி.”

அந்தப் பங்கீட்டை நான் அப்படியே நம்பினேன். பிறகு நடந்தவற்றைப் பார்க்கும்போது அம்மாவும் நம்பியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வரகும் சோளமும் மூட்டை மூட்டையாக வந்து மேல் வாய்க்குள் இறங்கின. அரிசி மாதிரி இல்லை, வரகு எத்தனை வருஷமானாலும் கெடாது என்று சம்சாரி சொல்லியிருந்தார். அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“நாம நாலு பேரு. இம்புட்டு எதுக்குங்க?”

அப்பா ஏணியில் ஏறி, மேல் வாயை மண்தட்டால் மூடி, சாணமும் களிமண்ணும் குழைத்து மெழுகினார். ஈரம் காய்வதற்குள் விரலால் அதன்மேல் ஒரு சிலுவை போட்டார். அந்த நாள் வரும்போதுதான் இதைத் திறக்க வேண்டும் என்றார். எந்த நாள் என்று அம்மா கேட்டாள். வரும்போது தெரியும் என்றார் அப்பா.

தெருவில் சிரிப்புக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டில் குதிரைவண்டி ஓட்டும் பாய் இருந்தார். அவரை நாங்கள் பாய் மாமா என்றும் அவர் வீட்டம்மாவை மாமி என்றும் கூப்பிடுவோம். பாய் மாமா சாயங்காலம் குதிரையை அவிழ்த்துக் கட்டும்போது, “என்ன சார், எகிப்துல விலைவாசி எப்படி?” என்று கேட்பார். அந்தக் கதை அவர்கள் வேதத்திலும் உண்டு. அப்பா சிரிக்க மாட்டார்.

சிரிப்பையாவது தாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நடந்ததைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. அன்றைக்குப் போதகர் ஐயா பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டிய பணக்காரனின் கதை. எல்லாம் சேர்த்துவைத்துவிட்டேன், இனி எனக்கு என்ன குறை என்று அவன் படுத்த ராத்திரியே அவன் உயிர் கேட்கப்பட்டது என்று போதகர் முடித்தபோது, சபையில் இருந்த எல்லாத் தலைகளும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பின. அப்பா நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

வீட்டுக்கு நடந்துவரும் வழியில் பாலத்தின் பாதிதூரம் வந்துவிட்டோம். பிறகு அப்பா, யாரிடம் என்றில்லாமல், “சேத்து வைன்னு ஒரு கதை. சேத்து வைக்காதேன்னு ஒரு கதை. ஒரே புத்தகத்துல” என்றார்.

“ரெண்டும் ஆண்டவர் சொன்னதுதானே” என்றாள் அம்மா. “யாருக்குச் சேக்குறோம்ங்கிறதுதான் வித்தியாசம் போல.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

யுத்தம் எங்கள் வீட்டுக்குள் சிறுகச் சிறுகத்தான் வந்தது. விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். சங்கு ஊதினால் எப்படிக் குப்புறப் படுக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்; புதுப் பாவாடை கட்டிய நாளில் யாரும் சரியாகப் படுக்கவில்லை. அரிசிக் கடையில் வரிசை நீண்டது. அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி அள்ளிக் காணிக்கைச் சட்டியில் போடுவாள். எங்கள் சபைப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். ஞாயிறுதோறும் அந்தப் பிடியரிசி ஆலயத்தில் சேர்ந்து ஏழைகளுக்குப் போகும். அரிசி குறைந்தபோது அம்மாவின் பிடியும் குறையும் என்று எதிர்பார்த்தேன். அம்மா கை அதே அளவுதான் விரிந்தது. எங்கள் தட்டில்தான் கஞ்சி நீர்த்தது. அப்போதும் குலுக்கை மூடியே இருந்தது. அம்மா எப்போதாவது அதை ஏறிட்டுப் பார்ப்பாள். இன்னும் இல்லை என்று அப்பா தலையை அசைப்பார்.

சில மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசற்படியில் ஒரு மனிதரும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். பாதங்களில் துணி சுற்றியிருந்தது. துணியும் தோலும் ஒரே நிறமாக இருந்தன. பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து, உயிரோடு இந்தியா வந்து சேர்ந்து, ரயிலில் மதுரை வரை வந்து, இனிக் கிழக்கே எங்கோ ஒரு கிராமத்துக்குப் போகிறவர்கள். தண்ணீர்தான் கேட்டார்கள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் அதைக் குடித்த விதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். சட்டியில் எங்கள் சாயங்காலக் கஞ்சிக்கு வேண்டிய அரிசிதான் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குலுக்கைக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்து துணிப்பந்தை இழுத்தாள்.

வரகு சலசலவென்று முறத்தில் விழுந்தது. எனக்கு ஆச்சரியமாக ஒன்றும் இல்லை. மேல் வாய் அப்பா பாடு, கீழ் வாய் அம்மா பாடு என்று என் காதுபடச் சொன்னதுதானே. குலுக்கையில் மேல் பாதி அப்பாவுடையது, கீழ்ப் பாதி அம்மாவுடையது என்றே நான் கணக்கு வைத்திருந்தேன். தன் பங்கை அம்மா எடுக்கிறாள், அவ்வளவுதான்.

வரகை அப்படியே உலையில் போட முடியாது. குத்திப் புடைக்க வேண்டும். மாமி வீட்டு முற்றத்தில் உரல் இருந்தது. அம்மாவும் மாமியும் எதிரெதிராக நின்று உலக்கை மாற்றிக் குத்தினார்கள். உமியும் தவிடும் பாய் மாமாவின் குதிரைக்குப் போயின. ஆகையால் சாயங்காலம் அப்பா வீடு திரும்பும்போது ஒரு தடயமும் மிஞ்சவில்லை. குதிரை மட்டும் கொஞ்சம் தெம்பாகத் தெரிந்தது.

அந்த இரண்டு பேர் சாப்பிட்டு முடித்ததும் அம்மா கேட்டாள்: “வழியில ஒருத்தரப் பாத்தீங்களா? நல்ல உயரம். இடது புருவத்துல ஒரு தழும்பு. கூட ஒரு பொம்பளை, ரெண்டு சின்னப் பிள்ளைக. மதுரைக்காரர்.”

அவர்கள் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்டேஷனில் இறங்கி வடக்கேயோ கிழக்கேயோ நடந்து போகிறவர்கள் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். எல்லா ஜாதியும் எல்லா மதமும் வந்தன. தலைச்சன் பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு தாய், சாப்பிடும்போது கவளத்தைப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்துக்கு நீட்டினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். உள்ளூர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள், பர்மாவிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். நாளடைவில் அந்தக் கேள்வி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அம்மா கரண்டியோடு உள்ளே போயிருந்தால் நானே பாட்டு மாதிரி ஒப்பிப்பேன்: நல்ல உயரம், இடது புருவத்தில் தழும்பு, மதுரைக்காரர். யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனால் எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டு போனார்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் விடிந்ததும் போய் விளக்கு வைக்கும் நேரத்தில் வருகிறவர். வந்ததும் குலுக்கையின் தலையை நிமிர்ந்து பார்ப்பார். சிலுவை போட்ட மெழுகு கீறல் விழாமல் இருக்கும். திருப்தியாகக் கைகால் கழுவப் போவார். மேலதிகாரி வைத்த முத்திரை உடையாமல் இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று நம்புவது அவர் உத்தியோகத்தின் பழக்கம்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு சாயங்காலம் பாய் மாமாவின் வண்டி அவர் வீட்டில் நிற்காமல் எங்கள் வாசலில் வந்து நின்றது. அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கினாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். போட்டோவில் இருந்த கன்னங்கள் அந்த முகத்தில் இல்லை. ஆனாலும் அம்மா பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டாள். சித்தி.

அப்பா வெற்றுடம்போடு வாசலுக்கு ஓடினார். சித்தியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு குனிந்து வண்டிக்குள்ளே பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. மறுபடியும் சித்தியைப் பார்த்தார். சித்தி தலையை இடமும் வலமுமாக, மிக மெதுவாக அசைத்தாள். அப்பா வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துக்கொண்டார். குதிரை ஓர் அடி எடுத்துவைக்கப் பார்த்தது. பாய் மாமா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிறுத்தினார்.

அம்மா இறங்கிப்போய் இடுப்புக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். “உள்ள வா தாயி” என்றாள்.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து, பிள்ளைகள் தண்ணீர் குடித்து முடித்த பிறகு, அப்பா குரலைச் சரிப்படுத்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். வீட்டை எப்படியம்மா கண்டுபிடித்தாய்? சித்தி மதுரையை அதற்கு முன் பார்த்ததேயில்லை. தெருப் பெயர், வீட்டு அடையாளம் எல்லாம் சித்தப்பாவுக்குத்தான் தெரியும்.

“எனக்கு மதுரைன்னு மட்டுந்தான் தெரியும் அத்தான்” என்றாள் சித்தி. “இந்தியா வந்து சேந்து ரொம்ப நாள் அகதி முகாம்லயே கெடந்தோம். எங்க போறதுன்னு தெரியல. ஒருநாள் ஒரு பெரியவர் வந்தாரு. சொந்தக்காரங்களத் தேடி முகாம் முகாமாப் போறவரு. என் பிள்ளைகளப் பாத்துட்டு, நான் மதுரைன்னு சொன்னதும், உங்க வீட்டுக்காரருக்கு இடது புருவத்துல தழும்பு உண்டாம்மான்னு கேட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மதுரையில ஒரு அம்மா எனக்குக் கஞ்சி ஊத்தி உங்களத்தான் கேட்டாக, ஆத்துக்கு வடக்க, குதிரைவண்டி வீட்டுக்கு அடுத்த வீடுன்னாரு.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வாசலில் மூட்டையை இறக்கிவைத்துக்கொண்டிருந்த பாய் மாமாவுக்கு நிலைமை சரியாகப் புரியவில்லை. “ஸ்டேஷன்ல வந்து, பர்மாக்காரங்களுக்குக் கஞ்சி ஊத்துற வீடு எதுன்னு இந்தத் தங்கச்சி கேட்டுச்சு சார். நாலு வண்டிக்காரன் நான் நீன்னு வந்துட்டான். மதுரையில அந்த வீட்டைத் தெரியாத வண்டிக்காரன் எவன் இருக்கான்?” என்று பெருமையாகச் சொன்னார்.

மதுரையில் அந்த வீட்டைத் தெரியாதவர் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து ஏணியை எடுத்துவந்து குலுக்கையில் சாய்த்தார்.

அப்பா ஏறி, மெழுகை உடைத்து, மண்தட்டை நகர்த்தி உள்ளே பார்த்தார். கையை விட்டார். தோள்வரை விட்டார். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு இறங்கி, அகல்விளக்கை எடுத்துக்கொண்டு சுவரோரமாக மண்டியிட்டு, கீழ் வாயிலிருந்த துணிப்பந்தை இழுத்தார். ஒரு சின்னச் சரசரப்போடு கொஞ்சம் வரகு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்து நின்றுவிட்டது.

எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. வேதத்தில் ஓர் ஏழை விதவையின் பானையில் மாவு எடுக்க எடுக்கக் குறையாமல் இருந்ததைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்துவிட்டதே, அம்மா தன் பங்கை எடுத்தால் அப்பா பங்கு எப்படிக் குறையும் என்று விளங்கவில்லை. மெலிந்த மாடுகள்தான் தின்றிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“இது இவங்களுக்காக வச்சது” என்றார் அப்பா, மண்டியிட்டபடியே, யாரையும் பார்க்காமல். “அவன் வருவான், வந்தா பிள்ளைக பட்டினி கெடக்கக் கூடாதுன்னு வச்சது. அந்த நாளுக்குன்னு வச்சது.”

அம்மா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் தணியவில்லை.

“அந்த நாளு தெனமும் வாசல்ல வந்து நின்னுச்சுங்க. நான் என்ன செய்ய?”

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளங்கை வரகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்படப் போகிறார் என்று நானும் தம்பியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம். அவர் எழுந்து, அந்த வரகை ஒரு மணி சிந்தாமல் அம்மாவின் முறத்தில் போட்டார்.

“மிச்சம் எம்புட்டு இருக்கும்?”

“வழிச்செடுத்தா இன்னைக்கும் நாளைக்கும் வரும்.”

“போதும். ஒலையை வை” என்றார் அப்பா.

நாளைக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. மறுநாள் காலையிலேயே போதகர் வீட்டம்மா முந்தானைக்குள் மறைத்து ஒரு சட்டி கொண்டுவந்தார். சபைப் பெண்களின் பிடியரிசி. அது ஏழைகளுக்கான பங்கு, நமக்கு வேண்டாம் என்று அப்பா கூச்சத்தோடு மறுத்தார். அம்மா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். போதகர் ஐயாவும் சாயங்காலம் வந்து, அந்தப் பிரசங்கத்தைத் தாம் அப்பாவை மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று நெடுநேரம் விளக்கினார். அப்பா, தாம் அப்படி நினைக்கவேயில்லை என்று அதைவிட நெடுநேரம் விளக்கினார். பாய் மாமா தினமும் ஏதாவது ஒன்றைக் குதிரைப் புல்லுக்குள் வைத்துக் கொண்டுவந்து, மாமி கையில் கொடுத்தனுப்பினார். திருவாதவூர்ச் சம்சாரி அறுப்பு முடிந்ததும் வண்டியோடு வந்தார். எங்கள் படியில் கஞ்சி குடித்துப் போனவர்களில் ஒருவர், ஒரு வருஷம் கழித்து, கிழக்குச் சீமையிலிருந்து ஒரு சாக்குக் கருவாட்டைச் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றார். ஏழு பேரும் அந்த யுத்த வருஷங்களைக் கடந்தோம். சித்தி எங்களோடுதான் இருந்தாள். அந்தப் பையனும் குழந்தையும் எனக்குக் கூடப்பிறந்தவர்களாகவே வளர்ந்தார்கள். குலுக்கையை அப்பா மறுபடியும் நிரப்பினார், நிரம்பிய மட்டும். மேல் வாயை மட்டும் அப்புறம் மெழுகவேயில்லை. இன்றைக்கும் என் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் தலை குனியும்போது அந்தக் கைகள் எல்லாம், கண்டவையும் காணாதவையும், நினைவுக்கு வரும். யாருக்கு என்று தனித்தனியே நன்றி சொல்வது? சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் சாயங்காலத்தைப் பற்றி.

மாமியும் வந்து கூட நின்று குத்திக்கொடுக்க, வரகுக் கஞ்சி ஆயிற்று. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் அப்பாவுடையது. அவர் கண்ணை மூடிக் கைகூப்பி, ஆண்டவரே என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் தொடங்கினார். பிறகு, “நீ ஜெபம் பண்ணும்மா” என்று சித்தியிடம் சொன்னார்.

சித்தி ஜெபம் செய்தாள். அவ்வளவு நீளமான சாப்பாட்டு ஜெபத்தை நான் கேட்டதில்லை. மலையில் ஒரு ராத்திரி தன் பிள்ளைகளைத் தன் நெருப்பண்டை படுக்கவைத்த, மொழி தெரியாத ஒரு பெண்ணுக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். கூலி வாங்காமல் ஆற்றைக் கடத்திவிட்ட ஓடக்காரனுக்காகச் சொன்னாள். முகாமுக்கு வந்த பெரியவருக்காக, வண்டிக்கார அண்ணனுக்காக, அக்காவின் கைக்காக, இந்தக் கஞ்சிக்காகச் சொன்னாள். என் கஞ்சியில் ஆடை கட்டிவிட்டது. வீடும் சாமானும் எல்லாம் போனவள் எதற்கு இத்தனை முறை ஸ்தோத்திரம் சொல்கிறாள் என்று, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

கடைசியாக அவள் சொன்னாள்:

“அவுகளால நடக்க முடிஞ்ச மட்டும் எங்க கூட நடக்க வச்சீரே ஆண்டவரே. அதுக்கும் உமக்கு ஸ்தோத்திரம்.”

ஆமென் சொன்ன பிறகும் பெரியவர்கள் தலை நிமிரவில்லை. எனக்கு மட்டும் ஒரு சந்தோஷமான செய்தி கிடைத்துவிட்டது. சித்தப்பாவும் நடந்துதான் வருகிறார். கால் வலித்து வழியில் எங்கேயோ நின்றிருக்கிறார். அவ்வளவு தூரம் நடந்தவருக்கு மிச்சத் தூரம் பெரிதா?

யாருக்கும் தெரியாமல் எழுந்து வாசலுக்குப் போனேன். மேகத்துக்கு நடுவில் நிலா வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. படியில் ஏறி நின்று, பாலத்திலிருந்து தெரு திரும்பும் முனையை எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் பாய் மாமா குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“யாரப் பாக்குற பாப்பா?”

“சித்தப்பாவை. எதுவரைக்கும் நடந்து வந்திருக்காருன்னு பாக்குறேன்.”

பாய் மாமா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றார். நான் பார்த்த திசையிலேயே அவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைவிட அவர் உயரம். அவர் கண்ணுக்குத் தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.